வண்டி இல்லாத வாசல்

மந்தாரக்குப்பம் பெட்ரோல் பங்க் வரிசையில், எனக்கு முன்னால் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்த இரண்டு பேர் தங்கள் ஸ்கூட்டர்களோடு நின்றிருந்தார்கள்.

“சூப்பு டப்பாவயே வரிசையா வரைஞ்சு அமெரிக்காவுல ஒருத்தரு உலகம் பூரா பேரு வாங்கிட்டாருங்க,” என்றார் மூத்தவர்.

“யாரு சொன்னா?”

“எம் பொண்ணுதான். ஓவியம் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னுது. நான் டிப்ளமா படின்னு சொல்லிக்கினு இருந்தேன். அந்த அமெரிக்காக்காரரோட அப்பாவும் நிலக்கரி மைன்ஸ்ல வேலை பாத்தவராம்.”

“அதுக்கு?”

“‘அவரு தெனம் குடிச்ச சூப்ப வரைஞ்சாரு, நான் தெனம் பாக்குறத வரையுறேன்’னு சொல்லி நம்ம குவார்ட்டர்ஸ் வரிசைய வரைஞ்சு வச்சிருக்கு. எல்லா வூடும் ஒரே அச்சு. வாசலுக்கு வாசல் ஒரு ஸ்கூட்டர் நிக்கிது. ஒரு வூட்ல மட்டும் இல்ல.”

“மறந்துடுச்சா?”

“அப்படித்தான் நானும் கேட்டேன். ‘அது நம்ம வூடுப்பா, நீங்க ஷிப்ட்டுக்குப் போயிருக்கீங்க’ன்னுச்சு.”

வரிசை நகர்ந்தது. இளையவர் நகரவில்லை.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒரு நாள் லீவு போட்டு, அது கேட்ட காலேஜ்லயே சேத்துட்டு வந்துட்டேன்,” என்று வண்டியை முன்னால் தள்ளினார்.