சும்மா இருக்கும் ஒரு கால்

"எக்கோ மெஷின் எதுக்குங்க மாமா? மாரியம்மன் பண்டிகைல அது இலவசமாவே கெடைக்குமே."

மாரண்டஹள்ளியிலிருந்து தருமபுரி போகும் பேருந்தில், என் பின் சீட்டிலிருந்து இந்தக் குரல் வந்தது. இசையில் நான் பூஜ்யம், ஒட்டுக்கேட்பதில் வித்வான். திரும்பாமலே காதை நீட்டினேன். மாமா ஸ்டீல் கிட்டார்காரர். பேசியவர் அவர் மச்சினன், கீபோர்டுக்காரர். வெள்ளிக்கிழமை பண்டிகைக் கச்சேரியில் மாமா முதல்முறையாகத் தனியாக ஒரு பாட்டு வாசிக்கப்போகிறார். இருக்கிற காசுக்கு ஒரு மெஷின்தான் வாங்க முடியும்.

"காலைல உங்கக்கா போட்ட சண்டையே இன்னும் தீரல, நீ வேற கொழப்பாத. இலவசம்னா?"

"நம்ம மைக்செட்காரர் எல்லாத்துக்கும் எக்கோ வெச்சிருவாரு. சாவி காணோம்னு சொன்னாக்கூட நாலு தடவ கேக்கும். நீங்க வால்யூம் பெடல் வாங்குங்க. மிதிச்சா சத்தம் ஏறும், விட்டா எறங்கும். கம்பி அழுவற மாதிரியே இருக்கும்."

"நான் ஜமக்காளத்துல சம்மணம் போட்டு, கிட்டார மடில வெச்சு வாசிக்கறவன். எந்தக் கால்ல மிதிக்கறது?"

"சேர்ல உக்காருங்க."

"சேர்ல உக்காந்தா எனக்கு கையே ஓடாது."

பாலக்கோடு வரை சேரா, ஜமக்காளமா என்றே இழுபறி. எனக்கே கவலையாகிவிட்டது. பிறகு மாமா தெம்பாகச் சொன்னார்.

"நீ நின்னுதான வாசிக்கற? ஒரு கால் சும்மாதான இருக்கு. நீ மிதி."

"மிதிக்கறேங்க. நான் கால எடுத்துட்டா உங்க பாட்டு யாருக்குமே கேக்காது, பரவால்லைங்களா?"

மாமா யோசிக்கவே இல்லை.

"உங்கக்காவுக்கு போன் போட்டுக் குடு. காலைல நடந்த சண்டைல தப்பு என்மேலதான்னு சொல்லிடறேன்."