டுவேன் இறுக்கிய நட்டுகள்

ஆயில் மாற்றுவதற்கு முன்னால் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். சூடான ஆயில்தான் அழுக்கையும் கூட்டிக்கொண்டு இறங்கும். இது எங்கள் பக்கத்தில் எல்லா ஆண்களுக்கும் தெரியும். செய்கிறவர்கள் குறைவு.

இதைப் பேசுவதற்காக நீங்கள் வரவில்லை என்று தெரிகிறது. ஷெரீப் அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் மறுபடியும் வண்டி ஓட்டி வந்தது டுவேன் விஷயமாக. என் மகள் ஜோலீனின் பிக்கப் வண்டிக்குச் சனிக்கிழமை டுவேனின் ஒர்க்‌ஷாப்பில் சக்கரங்களைக் கழற்றி இடம் மாற்றி மாட்டினார்கள். செவ்வாய்க்கிழமை, ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்சக்கரம் ஒன்று கழன்றது. வண்டி பாலத்தின் கம்பியை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. ஒர்க்‌ஷாப்பின் அஜாக்கிரதைதான் என்று நான் ஒரு கையெழுத்துப் போட்டால் உங்கள் வேலை முடிந்தது. போடுவதற்கு முன் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எதையும் வரிசையாகச் செய்துதான் எனக்குப் பழக்கம்.

நீங்கள் நகரத்துக்காரர். நெப்ராஸ்காவின் இந்த மூலையில் ஒருவன் பெண்டாட்டியை விட்டுப் போகலாம், சர்ச்சை மாற்றிக்கொள்ளலாம், மன்னித்துவிடுவார்கள். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டான் என்றால் மட்டும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். தானியக் கிடங்கில் காலைக் காப்பிக்குக் கூடும் ஆண்கள் அத்தனை பேரும் தங்கள் வண்டியைத் தாங்களே பார்த்துக்கொள்கிறவர்கள். கேட்டுப் பாருங்கள், நட்டு நட்டாகச் சொல்வார்கள். அவர்களில் பாதிப் பேரின் வண்டிகள் டுவேனின் கொட்டகைக்குப் பின்புறம், சாலையிலிருந்து கண்ணுக்குப் படாத இடத்தில் நிற்கும். டுவேன் அந்தப் பக்கத்தில் சரளைக்கல் கொட்டி வைத்திருப்பதே இவர்களுடைய மானத்துக்காகத்தான்.

நான் அப்படி இல்லை. என் வண்டியை இன்னொருவன் தொட்டதில்லை. ஜோலீனின் வண்டியையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். சிக்கனம் என்று சொல்லிக்கொள்வேன். அதற்காக நான் வாங்கிப் போட்ட ஜாக்கிகளின் விலையைக் கேட்டிருந்தால் என் மனைவி இன்னும் சில வருடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருப்பாள்.

ஆயில் மாற்றும் சனிக்கிழமைகளில் ஜோலீன், எனக்கு ஜோ, வருவாள். நான் வண்டிக்கு அடியில் படுத்திருப்பேன். அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து டார்ச் அடிப்பாள். எனக்கு அவளுடைய பூட்ஸ் மட்டும்தான் தெரியும். அந்த பூட்ஸிடம் நான் எதை வேண்டுமானாலும் பேசுவேன். அவள் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி அப்படித்தான் பேசினோம். கர்ப்பம் கலைந்ததை அவள் என்னிடம் சொன்னதும் அங்கேதான், நான் ஃபில்டரைத் திருகிக்கொண்டிருந்தபோது. "அப்பா, ஸ்பானரை நிறுத்தாத, அது பாட்டுக்கு நடக்கட்டும்" என்றாள். நான் நிறுத்தவில்லை. அந்த ஃபில்டரைத் தேவைக்கு அதிகமாகவே இறுக்கினேன்.

போன வசந்தத்தில் என் முட்டி மடங்க மறுத்தது. அடியில் படுத்தவன் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். ஜோவும் அவள் கணவன் கோல்பியும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள்.

"மாமா, உங்களுக்கே சர்வீஸ் டைம் ஆயிடுச்சு," என்றான் கோல்பி. நல்ல பையன். டயருக்குக் காற்றடிக்கக்கூட ஆள் தேடுகிறவன்.

ஜோ சிரிக்கவில்லை. "அப்பா, இனிமே நீ சிமெண்டுத் தரையில படுக்கக் கூடாது. வண்டிய டுவேன்கிட்ட விட்டுடறேன். நான் மளிகை வாங்கிட்டு வர்றதுக்குள்ள முடிச்சுடுவாரு."

"டுவேனா? அவன் சொந்த வண்டியே புகையா கக்குதே."

"அதனால என்ன. உன் முட்டி மாதிரி சத்தம் போடல இல்ல."

"ஒர்க்‌ஷாப்புக்காரங்க ஆயில் நட்டை மறை கழல இறுக்குவாங்க. ஃபில்டர மாத்தாமயே மாத்தினேன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும்ப்பா. சனிக்கிழமை நான் எப்பவும் போல வர்றேன். வண்டிக்காகவா வர்றேன்? உன்னப் பாக்கத்தானே வர்றேன்."

வந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். சமையலறை மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். அவள் முகத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. அவளுக்குத் தாடையில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது; எப்போது வந்தது என்று கேட்கவும் தோன்றவில்லை. மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம், மக்காச்சோளத்தைப் பற்றிக் கொஞ்சம். என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. காப்பி ஆறுவதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். போகப் போக வருகை குறைந்தது. தப்பு சொல்ல மாட்டேன். இரண்டு பேர் எவ்வளவு நேரம்தான் மக்காச்சோளம் பேசுவது.

அப்போதுதான் எனக்கு ஒன்று தெளிவானது. டுவேனின் வேலை மோசம் என்று அவளுக்குத் தெரியவந்தால் போதும், வண்டி என் கொட்டகைக்குத் திரும்பிவிடும். வண்டி திரும்பினால் மற்றதும் திரும்பும். டுவேனின் வேலை மோசம் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்ததால், காத்திருந்தேன்.

சக்கரம் மாற்றியதற்கு மறுநாள், ஞாயிறு, இருவரும் சாப்பிட வந்திருந்தார்கள். ஜோ மாட்டிறைச்சியை அடுப்பில் வைத்துவிட்டு, டிவியில் ஃபுட்பால் ஆட்டத்தைப் பார்த்துக் கோல்பியோடு சேர்ந்து நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். பார்க்க மட்டும்தான் போனேன். நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தன. ஒரு நட்டில்கூட இறுக்கம் அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. அடியில் குனிந்து ஆயில் நட்டையும் பார்த்தேன், சுற்றிலும் துணியால் துடைத்துவிட்டிருந்தார். நான்கூடத் துடைப்பதில்லை.

அது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது.

இடது முன்சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்தினேன். கழற்றவில்லை, தளர்த்தினேன். வித்தியாசம் உண்டு, எழுதிக்கொள்ளுங்கள். தளர்ந்த சக்கரம் சொல்லாமல் போகாது. முதலில் தட்டும், பிறகு ஸ்டீயரிங் ஆடும். ஜோ சின்னப் பெண்ணாக இருக்கும்போதே அந்தச் சத்தத்தை அவளுக்குக் காட்டியிருக்கிறேன். கேட்டதும் தெரிந்துகொள்வாள், டுவேனைத் திட்டுவாள், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்பது என் கணக்கு. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். "எங்கப்பா போன?" என்றாள். "காத்து வாங்க" என்றேன். எனக்கு இறைச்சியில் ஓரத்துத் துண்டு பிடிக்கும் என்று எடுத்து வைத்திருந்தாள்.

ஜோவை அடக்கம் செய்த நாளில் டுவேன் சர்ச்சின் கடைசி வரிசையில் நின்றார். யாரும் அவர் பக்கத்தில் நிற்கவில்லை. வண்டியை அவருடைய கொட்டகைக்குப் பின்னால் ஒளித்தவர்களும் நிற்கவில்லை. என்னிடம் வந்து, "லாயிட், நான் இறுக்கினேன். கை சொல்லுது, இறுக்கினேன்னு. ஆனா மனசு இப்ப மாத்திச் சொல்லுது. ராத்திரியெல்லாம் அந்தச் சக்கரத்தையே திரும்பத் திரும்ப மாட்டிட்டிருக்கேன்" என்றார். அழுதார். நான் அவர் தோளில் கை வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மனுஷன் மறக்கறது சகஜம், டுவேன். உங்கமேல எனக்குக் கோபம் இல்ல" என்றேன்.

எப்பேர்ப்பட்ட மனசு என்று பேசிக்கொண்டார்கள். போதகர் அடுத்த வாரப் பிரசங்கத்தில் என்னை எடுத்துக்காட்டாகச் சொன்னார். பெண்கள் கறிப் பாத்திரங்களைக் கொண்டுவந்து என் வாசலை நிரப்பினார்கள். மன்னிப்பதில் இவ்வளவு மரியாதை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கோல்பி மட்டும் அதில் சேரவில்லை. "நான்தான் மாமா ஒர்க்‌ஷாப்ல விடச் சொன்னேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அதற்கும் நான் அவனை மன்னித்தேன்.

இப்போது டுவேன் தன்மேல்தான் குற்றம் என்று ஒப்புக்கொள்ளப் போகிறார் என்கிறீர்கள். அதை என்னால் அனுமதிக்க முடியாது. செய்யாத வேலைக்கு ஒருவர் பேர் போட்டுக்கொள்வது சரியில்லை.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். ஜோ கடைசியாக எனக்குத்தான் போன் செய்தாள் என்று கண்டுபிடித்து, முதல் தடவை வந்தபோது கேட்டீர்கள். சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள் என்றேன். அப்படிச் சொல்லவில்லை.

பக்கத்து ஊரிலிருந்து வேலை முடிந்து வந்துகொண்டிருந்தவள், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினாள். "அப்பா, இடது முன்சக்கரம் தட்டுது. ஸ்டீயரிங்கும் ஆடுது. நட்டு லூசுன்னு நினைக்கிறேன். இங்கயே நிக்கறேன். டுவேன இழுவை வண்டியோட வரச் சொல்லவா?"

சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் டுவேன் வருவார், ஒரே நிமிடத்தில் இறுக்குவார், மன்னிப்புக் கேட்பார். அவளுக்கு இரக்கம் அதிகம். திரும்பவும் அவரிடமே போவாள்.

"அவன எதுக்குக் கூப்பிடற, கெடுத்தவனே அவன்தான்," என்றேன். "ஒண்ணும் ஆகாது. மெல்ல ஓட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வா. நான் பாத்துக்கறேன்."

"பாலம் வருதேப்பா."

"மெல்ல வா."

"சரிப்பா. நீ சொன்னா சரி" என்றாள்.

கொட்டகையில் விளக்கைப் போட்டு, ஜாக்கியை எடுத்து வைத்து, காப்பி போட்டுவிட்டுக் காத்திருந்தேன். நட்டைத் தளர்த்தியது நான். ஓரமாக நின்றவளை ஓட்டி வரச் சொன்னதும் நான். இரண்டையும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அன்றைக்கு அவள் டுவேனைக் கூப்பிடவில்லை, என்னிடம்தான் வந்துகொண்டிருந்தாள் என்பதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.