படகு மேல ஆள் வேணாம்

அது பேயும் இல்ல பிசாசும் இல்லண்ணா, உன் பெல்ட்டு. நல்லா காது குடுத்துக் கேளு. ஊஊஊம்னு... கேக்குதா? காத்து நின்னா நின்னுடுது, காத்து அடிச்சா திருப்பியும் ஆரம்பிக்குது. நீ கட்டிப்போட்டு டீ குடிக்கப் போனதுலர்ந்து இதே கூத்துதான். ஆடி மாசம், வெளக்கு வெச்ச நேரம், வாசல்ல இப்டி ஒரு சத்தம் வந்தா மனுசங்க இன்னா நெனைப்பாங்க? எதிர் வூட்டு ஜெயம்மாக்கா வேப்பெலைய ஒடிச்சிக்கினு வந்துட்டாங்க. நான் ஜெபமாலைய எடுத்துக்கினு வந்தேன். ரெண்டு சாமியும் சேந்து வந்து பாத்தா புருஷோத்தமன் அண்ணன் படகு டிரெய்லர் மேல குந்திக்கினு பாடுது. எங்க கான்வென்ட்டுல சிஸ்டர் ரோஸலின் ஆர்கன் வாசிப்பாங்க. அதுக்கு இது எவ்ளோவோ தேவலாம்.

நானா? ஏஞ்சலு. டேனியலு சம்சாரம். நீதான அண்ணன்கிட்ட புதுசா சேந்த டிரைவரு? சுகுமாரா? சரிண்ணா.

டேனியலு உள்ளாரதான் கீறாரு. குளிக்கிறாரு. வருவாரு, வருவாரு.

நீ எதுக்கு வந்திக்கீறன்னு தெரியும். காலைல ராஜகுளம் ஏரில வலை போடணும், படகு இன்னிக்கே போய்ச் சேரணும், எங்கூட்டுக்காரரு படகு மேல குந்திக்கினு வரணும். அண்ணன் போன்ல சொன்னது எனக்கும் கேட்டுச்சி. அவரு பேசுனா போனே தேவையில்ல, ஏரிக்கரையில நின்னு பேசுனாலே ராஜகுளத்துக்குக் கேக்கும்.

ஆமா, எதுக்குண்ணா மேல ஒரு ஆளு?

ஆடாம இருக்கறதுக்கா. ஓ. அப்ப ஆடலன்னா ஆளு வேணாமில்ல? இல்ல, சொல்லு, சொம்மா கேக்கறேன். வேணாமில்ல? அதான, பின்ன எதுக்கு. ஜெயம்மாக்கா, கேட்டுக்கினீங்களா? படகு ஆடலன்னா ஆளு வேணாமாம், அண்ணனே சொல்ட்டாரு. நீங்க போங்கக்கா, கொழம்பு தீஞ்சிடப் போவுது.

வாண்ணா, கட்டலாம். டார்ச்சு நான் புடிக்கிறேன்.

கட்டிட்டியா? இதுவா? கோச்சுக்காத, இது படகு கட்டு இல்ல, வைக்கோல் கட்டு. நடுவால ஒண்ணு போட்டு, ரெண்டு பக்கமும் தொங்கி இஸ்து, அதுமேல ஒரு ஆள ஏத்தி வுட்டுடறது. நம்ம உத்திரமேரூர் பக்கம் எதக் குடுத்தாலும் இப்டித்தான். பீரோ குடுத்தா வைக்கோல் கட்டு. கட்டில் குடுத்தா வைக்கோல் கட்டு. போன மாசம் எங்க சர்ச்சுக்கு மாதா சொரூபம் வந்துச்சி, அதையும் நடு வயித்துல கயித்தப் போட்டு, பக்கத்துல எங்க சின்ன மாமனார குந்த வெச்சி இட்டாந்தாங்க. அவரு மாதா கழுத்தக் கட்டிப் புடிச்சிக்கினு, வாயில பீடியோட எறங்குறாரு. ஃபாதரு மாதாவுக்குத் தூவ வெச்சிருந்த தீர்த்தத்த எடுத்து அவரு மேல தூவிட்டாரு.

சிரி, சிரி. ஆனா கேளு. வைக்கோலு அமுங்கும். அமுங்குனா கயிறு உள்ள போயி கவ்விக்கும். இது பைபரு, அமுங்குமா? நடுவால மட்டும் புடிச்சா முன்னாடி பின்னாடி வழுக்கும், ஈரக்கையில சோப்பு மாதிரி. நீ சடன் பிரேக் போடு, கனகா நேரா வந்து உன் மடியில குந்திக்கும்.

அய்ய, படகு பேரச் சொன்னேண்ணா. பின்னாடி எழுதிக்கீது பாரு, கனகான்னு, பூவெல்லாம் போட்டு. அண்ணி பேரு. அவங்களத் தொட்டா ஊர்ல யாரும் உசுரோட இருக்க மாட்டாங்க, இதத் தொடலாம்.

மொதல்ல மூக்கு. டிரெய்லர் முன்னாடி கைப்பிடி வெச்சி சுத்தறாங்களே விஞ்ச்சு, அந்தக் கொக்கிய மூக்கு வளையத்துல மாட்டு. சுத்து. இன்னும் சுத்து. மூக்கு போயி அந்த ரப்பர் கட்டைய முட்டணும். ஆங், முட்டிச்சி. இப்ப சங்கிலி ஒண்ணு தனியா போடு. விஞ்ச்சு பல்லு வழுக்குனா சங்கிலி புடிச்சிக்கும். எதுக்கு ரெண்டா? ஏண்ணா, பேண்ட்டுக்கு பட்டனும் வெச்சி பெல்ட்டும் எதுக்குப் போட்டுக்கீற?

எங்க கத்துக்கினேனா? பாப்பாக்குப் பால் குடுக்கும்போது. ராவெல்லாம் முழிச்சிக்கினு கீறா, ஒரு கையில அவ, ஒரு கையில போனு. இந்த ஊருக்கு டிரெய்லர் வந்ததுலர்ந்து நான் வேற வீடியோ எதுவும் பாக்கறதில்ல. ஒரு வெள்ளக்காரன், அரக்கால் டவுசரு, தொந்தி, தாடி. படகக் கட்டறது எப்டின்னு பொறுமையா சொல்றான். இங்கிலீசு எனக்குப் பிரச்ன இல்ல, கான்வென்ட்டு. தமிழ் பேசுனா மண்டி போட வெப்பாங்க. அந்த முட்டிவலி இன்னிக்கித்தான் ஒதவுது. அவன் எல்லாத்தையும் கட்டி முடிச்சிட்டு, கடசீல ரெண்டு தட்டு தட்டி, இனி எங்கயும் போவாதும்பான். நீ இன்னா பண்ண? கட்டறதுக்கு முன்னாடியே தட்டிட்டு டீ குடிக்கப் போய்ட்ட.

இல்லண்ணா, இன்னும் குளிச்சி முடிக்கல. மீன் நாத்தம் சீக்கிரம் போவுமா?

பின்னாடி வா. இது முக்கியம். மோட்டாரு பின்னாடி கீது, கனம்லாம் இங்கதான். ரெண்டு மூலைக்கும் தனித்தனியா பெல்ட்டு. ஒண்ணு இந்த வளையத்துலர்ந்து இந்தச் சட்டத்துக்கு, இன்னொண்ணு அந்தப் பக்கம். ஒரே பெல்ட்ட ரெண்டு பக்கமும் சுத்தாத, ஒண்ணு அறுந்தா ரெண்டும் போச்சி. மோட்டார மேல தூக்கி லாக் பண்ணு, இல்லன்னா திருப்புலிவனம் ஸ்பீட் பிரேக்கர்ல பல்லு போய்டும். மோட்டாருக்கு.

இரு, அந்த அடைப்பக் கழட்டு. கீழ, ஓட்டையில திருகி வெச்சிக்கீறாங்களே. கழட்டுண்ணா, ரோட்டுல படகு முழுவாது. பாரு, பாரு... எவ்ளோ தண்ணி! இத்தினியும் வாலுப் பக்கம் தளும்பிக்கினு வந்தா வண்டி நாய் மாதிரி வால ஆட்டாதா? ஒருத்தர் இல்ல, ஊரே மேல ஏறிக் குந்துனாலும் நிக்காது. அடைப்ப சட்டப் பையில போட்டுக்கோ. நாளைக்கி மறக்காம மாட்டு. மறந்தன்னா அண்ணன் ஏரி நடுவுல நின்னுக்கினு அண்ணி பேரச் சொல்லிக் கத்துவாரு, கரையில கீறவங்க பாசம்னு நெனச்சிக்குவாங்க.

இப்பப் போடு உன் வைக்கோல் பெல்ட்ட. வேணாம்னு யாரு சொன்னாங்க, போடு. ஓரத்துல இந்தக் கோணிய மடிச்சி வையி, உராசி அறுந்துடும். பெல்ட்ட ஒரு முறுக்கு முறுக்கி மாட்டு. ஒண்ணே ஒண்ணு. பட்டையா இருந்தாத்தான் காத்துக்குப் பாடும்.

வாய மூடிக்கிச்சா? எங்க சிஸ்டருக்கும் இதே மாதிரி ஒரு வழி இருந்துக்கலாம்.

இன்னாது? சாப்பட்றாரு. குளிச்சா பசிக்குமில்ல. கருவாட்டுக் கொழம்பு. மீன் புடிக்கறவனுக்குக் கருவாடான்னு கேக்காத, அது வேற பேஜாரு.

வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவ டார்ச்சு அடிக்கிறேன், குனி. வண்டி பின்னாடி கீற இரும்புக் குண்டுமேல டிரெய்லர் மூடி ஒக்காந்துச்சா? பின்னு? ஏண்ணா, பின்னு எடத்துல ஆணிய சொருகி வெச்சிக்கீற! இந்தா, எங்கூட்டுக்காரரு வலைக்கு வெச்சிருந்த கம்பி. சுத்து. அந்த ரெண்டு சங்கிலியும் நேரா மாட்டாத, கீழ குறுக்கால வுட்டு மாட்டு, இதுமேல அது. கொக்கி கழண்டாலும் மூக்கு தரையில குத்தாது, தொட்டில் மாதிரி தாங்கும். எலுமிச்சம்பழமா? கட்டிக்கோ, வேணாங்கல. பின்னும் இருக்கட்டும், எலுமிச்சம்பழமும் இருக்கட்டும்.

முடிஞ்சிது. இப்ப ஆட்டு. உன் பலத்துக்கு ஆட்டுண்ணா. மோட்டார் பக்கம் புடிச்சி ஆட்டு. பாத்தியா? படகு தனியா ஆடல, டிரெய்லரு, சக்கரம், உன் பிக்கப்பு எல்லாம் ஒண்ணா குலுங்குது. இன்னொரு வாட்டி ஆட்டு. நல்லா பாரு. ஆடுதா? வாயத் தொறந்து சொல்லு, ஆடுதா?

ஆடலங்கறியா, அதான்.

திருப்புலிவனத்துல ஒரு தபா எறங்கி பெல்ட்டு எல்லாம் இஸ்து பாரு, புதுசுல தளரும். ஓரிக்கை பாலத்துமேல மெதுவா போ. பாலாத்துல தண்ணி இல்லன்னாலும் காத்து கீது, பக்கவாட்டுல தள்ளும்.

ஹாரன் அடிக்காத. அடிக்காதண்ணா! பாப்பா தூங்குது.

இல்ல. அவரு வரல.

நீதான சொன்ன, ஆடலன்னா ஆளு வேணாம்னு. ஜெயம்மாக்கா சாட்சி. வழக்கமா? ஆமா வழக்கந்தான். எனக்குத் தெரியாதா. எங்க நைனா வைக்கோல் லோடுக்குப் போறவரு, இதே ரோட்டுல, இதே மாதிரி மேலதான் குந்திக்கினு போவாரு. நான் அப்ப ஒம்பதாவது, ஆஸ்டல்ல. பரீட்ச எழுதிக்கினு கீறேன், சிஸ்டர் வந்து பேனாவ மூடி வெக்கச் சொன்னாங்க. லோடு நல்லா போய்ச் சேந்துச்சிண்ணா. ஒரு கத்த கூட சரியல, அவ்ளோ நல்லா கட்டியிருந்தாங்க. மேல ஆளு இல்லங்கறதே டிரைவருக்குப் பாலம் தாண்டித்தான் தெரிஞ்சிது.

அய்ய, நீ இன்னா பண்ணுவ பாவம். அதுக்கு உன்னச் சொல்லல. பெல்ட்டு நுனி தொங்குது பாரு, அதச் சொருகு.

அவரு இப்ப குளிக்கவும் இல்ல, சாப்பிட்டுக்கினும் இல்ல. பொழுதோட வந்தாரு, சாப்டாரு, பாப்பாவ நெஞ்சுமேல போட்டுக்கினு தூங்கிட்டாரு. போன ஆஃப் பண்ணது நானு. எழுப்பினா வந்துடுவாருண்ணா. அதான் பயம். வரமாட்டேன்னு சொல்லத் தெரியாது அவருக்கு. இதோ போயிட்டு வந்துட்றேன் ஏஞ்சலும்பாரு, சட்டையத் தலகீழா மாட்டிக்கினு ஏறிக் குந்திடுவாரு. காலைல பஸ்ஸுல வருவாரு. வலைக்கு டயத்துக்கு வந்துடுவாரு, நான் பொறுப்பு.

அண்ணன் கத்துவாருதான். ஏஞ்சலு வுடலன்னு சொல்லு. வேலைய வுட்டுத் தூக்கிடுவேன்னாரா? தூக்கட்டும். கண்டிப்பா ஆளு வேணும்னா அவரையே மேல குந்தச் சொல்லு, எடைக்கு எடையும் ஆச்சி, அண்ணி பேர்ல சவாரி போன மாதிரியும் ஆச்சி.

கெளம்புண்ணா. காத்து ஏறுது. நான் உள்ள போறேன், கதவ சாத்துறேன். கோச்சுக்காத. உனக்கும் யாரோ ஒருத்தி வாசல்ல எட்டிப் பாத்துக்கினு இருப்பா, பாத்துப் போ.

...

யாருமில்ல டேனியலு. வண்டி போய்ட்டுச்சி. எந்திரிக்காத, பாப்பா முழிச்சிக்குவா. படு. தாப்பா போட்டுட்டேன்.