ஃபிரிட்ஜ் மேல முப்பது முட்டை

...இல்ல தம்பி, நீங்க இந்தக் குஞ்சு பொரிக்கிற மெஷினை நல்லா கழட்டிப் பாருங்க. வயரை ரெண்டு இழு இழுத்துட்டு 'எல்லாம் சரியா இருக்கு'ன்னு கிளம்பிடாதீங்க. முப்பது முட்டை தம்பி. ஒம்பது நாளா உள்ள உக்காந்திருக்கு. ஒண்ணுலயாவது உயிர் வரணுமே? ம்ஹூம்.

ஏழாம் நாளு ஜன்னலெல்லாம் சாத்திட்டு ஒவ்வொண்ணா டார்ச் அடிச்சுப் பாத்தேன். உள்ள குஞ்சு உருவாகிட்டு இருந்தா செவப்பா நரம்பு ஓடும், சிலந்தி காலை விரிச்ச மாதிரி. அது தெரியும் எனக்கு. ஆனா முப்பதும் பளிச்சுனு இருக்கு, கழுவி வச்ச டம்ளர் கணக்கா. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இது சேவல் பண்ண வேலை... அதாவது, பண்ணாத வேலை.

அந்தச் சேவல் எங்க அண்ணி குடுத்தது. வீட்டுக்காரரோட அக்கா, பின்பக்கத்துச் சுவருக்கு அந்தாண்டதான் வீடு. முந்தாநாள் சேவலைத் தூக்கிட்டுப் போய் அவங்க வாசல்லயே விட்டேன். 'வெறும் அலங்காரத்துக்கா அண்ணி இதைக் குடுத்தீங்க, கொண்டையைத் தவிர இதுகிட்ட ஒண்ணும் இல்லையே'ன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன். தெருவுல நாலு பேரு சிரிச்சாங்க. அண்ணி 'சரி, ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க, கொழம்புக்கு ஆச்சு'ன்னு காலைக் கட்டி உள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்க. அதுலேர்ந்து சுவர்ப்பக்கம் எட்டிப் பாக்குறதே இல்ல. தினம் பதினோரு மணிக்கு டீயோட வந்து நின்னு ஊர்க்கதை பேசுவாங்க. ரெண்டு நாளா நான் யார்கிட்ட பேசுறது? எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசுறதும் இந்தக் கதவுகிட்ட பேசுறதும் ஒண்ணுதான்.

என்ன, சூடு கரெக்டா முப்பத்தேழரை காட்டுதா? அப்ப தண்ணித் தட்டு... அதுவும் சரியா? என்ன தம்பி நீங்க, ஏதாவது ஒரு கோளாறு கண்டுபிடிங்களேன்.

மெஷின்ல வைக்கிறதுக்கு முன்னாடி எங்க வச்சிருந்தேனா? நல்லாக் கேட்டீங்க. நம்ம கோழி ஒரே நாள்லயா முப்பது போடும்? பத்து நாள் சேத்தேன். இவர் என்னடான்னா 'மாடிப்படிக்கு அடியில வையி, அங்கதான் குளுகுளுன்னு இருக்கும்'ங்கறார். உள்ள இருக்கறது பச்சப் புள்ளைங்க, குளிர்ல போடச் சொல்றாரே மனுஷன்? பெத்திருந்தா தெரியும். நான் என்னோட பழைய புடவையைச் சுத்தி, அதோ, ஃபிரிட்ஜ் மேல பின்பக்கமா வச்சேன். அந்த இடம் கதகதன்னு இருக்கும். கை வச்சுப் பாருங்க. பக்கத்துலயே அடுப்பு வேற.

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க?

உடைக்கணுமா? இந்தாங்க, சாஸர். மெதுவா... அட, நாத்தம் ஒண்ணும் இல்ல. எங்க? மஞ்சக்கரு மேலயா? ஆமா, வெளுப்பா ஒரு வட்டம், கட்டைவிரல் நகம் அளவுக்கு. சேவல் சேராத முட்டைன்னா சின்னதா ஒரு புள்ளியோட நின்னிருக்கும்கறீங்க. அப்ப இது... வளர ஆரம்பிச்சிருக்கா?

இருங்க இருங்க. கோழி போடும்போதே உள்ள கரு இருக்கும், குளுமையில வச்சா தூங்கும், அது சரி. கதகதப்புல முழிச்சிடும். ஃபிரிட்ஜ் ஓடறப்போ முழிக்கும், நின்னா தூங்கும். அடுப்பு எரிஞ்சா முழிக்கும், அணைச்சா தூங்கும். பத்து நாளா இதே கூத்தா? பாதி முழிப்பும் பாதி தூக்கமுமா, மெஷினுக்கு வர்றதுக்குள்ளயே...

ஐயோ பாவம். புடவையைச் சுத்தி நானேதான் கொன்னிருக்கேன்.

இன்னொண்ணும் உடைங்க... இதுலயும் வட்டம். அந்தச் சேவல் ஒரு முட்டையைக்கூட விடல போலிருக்கே. அதைப் போய் நான் நடுத்தெருவுல வச்சு... தம்பி, இன்னிக்கு என்ன கிழமை? ஞாயிறா? மணி?

ஒரு உதவி தம்பி. மெஷின்லதான் கோளாறுன்னு ஒரு வார்த்தை அண்ணிகிட்ட... சரி, வேணாம், உங்க தொழிலுக்கு அது நல்லா இருக்காது. நானே போறேன். அந்த சாஸரை இப்படிக் குடுங்க.

அண்ணி... அண்ணி, அடுப்பைப் பத்த வச்சுட்டீங்களா? சேவல் எங்க? உசுரோடதானே இருக்கு? அப்பாடா. காலை அவுத்து விடுங்க அண்ணி. இந்தா பாருங்க, முட்டையில வட்டம் இருக்கு. உங்க சேவல் மேல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் ஃபிரிட்ஜ் மேல வச்சுக் கெடுத்துட்டேன்.

என்னது, கேக்கலையா? நல்லாக் கேட்டிருக்கும் அண்ணி உங்களுக்கு... வாசல்ல வந்து சொல்லணுமா? அன்னிக்குச் சிரிச்ச நாலு பேரையும் கூப்பிடறீங்களா?

...சரி, கூப்பிடுங்க. வர்றேன்.