காராமணி வயிறு

வெயிலில் வந்தவனுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தீர்கள், நன்றி ஐயா. பாலத்தைத் தாண்டி, இரண்டு பச்சை வேன் மாறி வந்திருக்கிறேன். பமாகோவில் இந்த மாதம் வேனுக்குள் உட்கார்வது அடுப்புக்குள் உட்கார்வதுதான். என் பெயர் நூஹூம் கெய்தா என்றதும், "கெய்தாவா? அப்ப தரையில உக்காருடா. அடிமைக்கு எதுக்கு நாற்காலி?" என்றீர்கள். உங்கள் மேசைப் பலகையில் காவல் அதிகாரி குலிபாலி என்று எழுதியிருக்கிறது. நானும் விடாமல், "காராமணி வாசம் வாசல் வரைக்கும் வருதே" என்றேன். வெளியே நின்ற காவலர்கூடச் சிரித்தார்.

நீங்கள் எழுதுவதை நாளை வேற்று நாட்டுக்காரர் யாராவது படிக்கலாம். அவருக்காகச் சொல்கிறேன். மாலியில் கெய்தாக்களும் குலிபாலிகளும் கேலிமுறைக்காரர்கள். ஒருவரையொருவர் அடிமை என்று கூப்பிடலாம். தலையில் இருக்கும் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போகலாம். சாப்பாட்டுத் தட்டிலிருந்து இறைச்சித் துண்டை எடுத்துத் தின்னலாம். குலிபாலி என்றாலே காராமணி தின்னி என்பது நாடறிந்த கேலி. எதற்கும் கோபம் வரக் கூடாது. என் நண்பன் சூமானா குலிபாலி மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

வானொலியில் என் குரலைக் கேட்டிருப்பீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் பந்தாட்டம் பேசுகிறவன் நான்தான். ஆப்பிரிக்கக் கோப்பை வந்துவிட்டால் எந்த அணி ஜெயிக்கும், எந்தச் சின்ன அணி பெரிய அணியைக் கவிழ்க்கும் என்று முன்கூட்டியே சொல்வேன். நான்கு கோப்பைகளாக என் வாக்கு பெரும்பாலும் பலித்தது. சந்தையில் வெங்காயம் விற்கும் பெண்கள், "கண்ணுக்காரரே, இந்த வாரம் யாருய்யா?" என்று கூவுவார்கள். அந்தக் கண் என்னுடையதல்ல. சூமானாவுடையது.

அவன் பள்ளியில் கணக்கு வாத்தியார். மாலையில் எங்கள் தேநீர் வட்டத்தில் முதல் குவளை கைக்கு வந்ததும் பேச ஆரம்பிப்பான். "பேரு பெருசா இருக்கான்னு பாக்காதடா. பின்னால நிக்கிற நாலு பேரும் ஒண்ணா எத்தனை வருஷம் ஆடியிருக்காங்கன்னு பாரு. நேத்து வரைக்கும் ஐரோப்பாக் குளிர்ல இருந்தவன், இன்னிக்கி ரெண்டு மணி வெயில்ல எத்தனை நிமிஷம் ஓடுவான்னு பாரு." நம் சொந்த அணியைப் பற்றிக் கேட்டால் மட்டும் வானத்தைப் பார்ப்பான். அவன் சொன்னதை நான் வெள்ளிக்கிழமை என் சொந்தச் சரக்காக வானொலியில் சொல்வேன். அவனுக்குத் தெரியும். "என் அடிமை மறுபடியும் திருடிட்டான்யா" என்று தொடையில் தட்டிச் சிரிப்பான். தொப்பியைப் பிடுங்குவதும் இதுவும் ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கோப்பையின் முதல் வாரத்தில் அவன் என்னிடம், "காம்பியா ஐவரி கோஸ்ட்டைக் கவுத்துரும். கண்ண மூடிக்கிட்டுச் சொல்லு" என்றான். நான் சொன்னேன். நானாக மூன்று காரணங்களும் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டேன். காம்பியா நான்கு கோல் வாங்கித் தோற்றது. அன்று தேநீர் வட்டத்தில் சூமானா எழுந்து நின்று, "கெய்தாவுக்கு ஒரு தட்டுக் காராமணி ஊட்டிவிட்டேன். அப்படியே முழுங்கிட்டான், உப்புக்கூடக் கேக்கல" என்றான். ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் சந்தை முழுக்க அந்தப் பேச்சுதான். வெங்காயக்காரி எனக்கு ஒரு பிடி காராமணியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமலே சாக்கடையில் போட்டேன். பழைய காராமணி, புழு இருக்கும் என்று நினைத்தேன்.

செனகலும் கேப் வெர்டேயும் மோதும் காலிறுதிக்கு, என் வாழ்நாளில் முதல் தடவையாக, நானே யோசித்து ஒரு பெயரைச் சொன்னேன். செனகல். சூமானா தலையை ஆட்டினான். "இந்தத் தடவை நெசமாச் சொல்றேன்டா. கேப் வெர்டே. மாத்திச் சொல்லிரு, இல்லன்னா மறுபடியும் மானம் போகும்." நான் மாற்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்னால் பள்ளி வாசலில் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, டாக்சியில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவன் நான். இருதயம் பழுது என்றார்கள். மறுபடி வலி வந்து தாடைக்கு ஏறினால் ஒரு குவளை தேநீர் குடிக்கும் நேரம்கூடத் தாமதிக்காதீர்கள் என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். வரும் வழியில் சூமானா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அஸ்ஸிதான்கிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா டிவியத் தூக்கித் தெருவுல போட்ருவா. கோப்பை முடியட்டும்" என்றான். அவன் மனைவியிடம் நான் சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஆக, அவன் நோய் தெரிந்த ஒரே ஆள் நான்.

ஆட்டம் பிற்பகலில். மாமரத்தடியில் முக்காலி போட்டு டிவியை வைத்திருந்தோம். எழுபதாவது நிமிடம், ஆளுக்கு ஒரு கோல். சூமானா குவளையைப் பாதியில் தரையில் வைத்தான். அவன் தேநீரைப் பாதியில் வைக்கிறவன் அல்ல. தாடையைத் தேய்த்தான். நெற்றி முழுக்க வியர்வை.

"கெய்தா, நெஞ்சப் பிடிக்குதுடா. நம்ம கேலிமுறை மேல ஆணையாக் கேக்குறேன், என்னைக் கூட்டிட்டுப் போ."

அந்த ஆணையின் பேரில் கேட்டதை மறுக்கக் கூடாது, ஐயா, உங்களுக்குத் தெரியும். ஆனால் சர்க்கரைக்கும் செருப்புக்கும் அதே ஆணையைச் சொல்லிச் சொல்லி நாங்கள் இருவரும் அதைத் தேய்த்து வைத்திருந்தோம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சொன்னேன்: "காராமணி நெஞ்சு வரைக்கும் ஏறிருச்சு. ஒரு ஏப்பம் விடு, சரியாயிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தக் கேலிக்குச் சிரிக்காத குலிபாலி உண்டா?

பக்கத்தில் இருந்த திரிஸ்ஸா மட்டும் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். "மூஞ்சி வெளுத்திருக்கே. வண்டிய எடுக்கவா?" என்றான்.

"உக்காருடா. தோக்கப் போறது தெரிஞ்சு ஓடப் பாக்குறான். கடைசி வரைக்கும் உக்காந்து பாக்கட்டும்" என்றேன். திரிஸ்ஸா உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் சூமானாவின் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. அவன் கை அதுவரை போகவில்லை. நானே எடுத்தேன். அஸ்ஸிதான். "அவரு நல்லா இருக்காரா? மனசு ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். "நல்லாத்தான் இருக்கான் தங்கச்சி. காராமணி வேலை செய்யுது" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். "அந்த வயித்தப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று வைத்துவிட்டாள்.

எண்பத்தெட்டாவது நிமிடத்தில் செனகல் கோல் போட்டது. நான் துள்ளி எழுந்தேன். ஊதல் ஊதும் வரை நின்றுகொண்டே பார்த்தேன். பிறகுதான் அவன் பக்கம் திரும்பி, "பாத்தியாடா?" என்று கேட்டேன். நாற்காலியில் சாய்ந்திருந்தான். கண்கள் திறந்து டிவியைப் பார்த்தபடி இருந்தன. அவன் அந்தக் கோலைப் பார்த்தானா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. மற்ற எதையும்விட அதைத்தான் அதிகமாக யோசித்திருக்கிறேன். அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

இருபது நிமிடம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். அதே டாக்டர். என் முகத்தை அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன், ஆனால் எதுவும் கேட்கவில்லை.

ஏன் செய்தாய் என்று கேட்டால், ஒரே ஒரு தடவை நான் சரியாகச் சொன்னதை அவன் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். அவ்வளவுதான். கோபம் இல்லை.

சாவு வீட்டில் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். கேலிமுறைக்காரன்தான் அழுகையை இளக்க வேண்டும். உடலை எடுப்பதற்கு முன்னால் பாயின் மேல் ஒரு பிடி காராமணியை வீசி, "குழிய அகலமா வெட்டுங்கய்யா, இவன் மூட்டையோட வர்றான்" என்றேன். ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அஸ்ஸிதான் முக்காட்டுக்குள் சிரித்து, அழுது, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க அளவுக்கு அவர யாரும் நேசிக்கலண்ணே" என்றாள். அந்தக் கையால் இன்றுவரை என்னால் ஒரு கவளம் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. நான் பாவி, ஐயா. இதை நான் மறைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத் திரிஸ்ஸாவிடம், "நான்தான் அவனைக் கொன்னேன்" என்றேன். "பின்ன? குலிபாலியைக் கெய்தா கொல்லாம வேற யாரு கொல்லுவா?" என்று என் தோளில் தட்டினான். அஸ்ஸிதானிடம் சொன்னேன். "இன்னும் கேலி விடலையா நீங்க?" என்று சோறு போட்டாள். நாற்பதாம் நாள் இமாமிடம் சொன்னேன். இறந்தவனை இப்படி நினைவில் வைத்திருப்பது நல்லது என்றார்.

இப்போது நீங்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். உதட்டோரம் துடிக்கிறது. "எந்திரிச்சுப் போடா அடிமை. காராமணியால செத்தவனுக்கு நான் என்னன்னு கேஸ் எழுதுவேன்?" என்கிறீர்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும். எல்லா இடத்திலும் உண்மையைச் சொல்லிவிட்டேன். கேட்பவர்கள் நம்பவில்லை என்றால் நான் என்ன செய்வது?

போகிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். என் வீட்டுக்கு எதிரிலேயே ஒரு காவல் நிலையம் இருக்கிறது. அங்கே அதிகாரியாக இருப்பவர் டொலோ, மலைக்காரர். கெய்தாக்களுக்கும் அவர்களுக்கும் கேலிமுறை கிடையாது. நான் சொல்வதைச் சிரிக்காமல் வரி விடாமல் எழுதிக்கொள்வார். இன்று காலையும் அவர் வாசலைக் கடந்துதான் போனேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் குலிபாலி ஒருவர் அதிகாரியாக இருக்கிறாரா என்று நன்றாக விசாரித்துக்கொண்ட பிறகுதான் வேன் ஏறினேன்.