போன வருசத்துக் குண்டு

— இன்னும் ஏன் தடியை ஆட்டிக்கொண்டிருக்கிறீர், எமில்டா? வெடிமருந்தைப் போடுமன்.

— தடி கீழ போகுதில்லை.

— போகும், போகும். நல்லா விடும்.

— போகேல்லை எண்டுறன். நீங்கள்தானே வீட்டில வைச்சுப் படிப்பிச்சனீங்கள்? வாயால மருந்து போடுற துவக்கு, உள்ளுக்க என்ன கிடக்கெண்டு கண்ணால பாக்கேலாது, முதல் தடியை விட்டுப் பாக்க வேணும் எண்டு.

— ஓம், சொன்னனான்தான்...

— சிவப்புக் கோடு வாயோட நிண்டா வெறுங்குழல். வெள்ளைக் கோடு நிண்டா...

— ஓமோம். எங்க, தள்ளும்.

— எந்தக் கோடு நிக்குது?

— பொறும், வடிவாத் தெரியேல்லை.

— கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கோ.

— வெள்ளை.

— வெள்ளையெண்டா?

— கையை எடும். குழல் வாய்க்கு முன்னால கையை வைக்காதையும்... உள்ளுக்க வெடி கிடக்கு.

— என்ர மாதாவே!

— மெல்லக் கதையும். பக்கத்து மேசையில சுடப் பழக வந்த ஆக்கள் பாக்கினம்.

— பாக்கட்டும்! போன வருச வேட்டைக்குப் பிறகு இந்தத் துவக்கைத் தொட்டனீங்களோ?

— இல்லை. பெட்டிக்க வைச்சுப் பூட்டினதுதான்.

— அப்ப ஒரு வருசமா எங்கட பேஸ்மென்றுக்க வெடியோட கிடந்திருக்கு. நான் அதுக்குப் பக்கத்தில நிண்டு உடுப்பு மடிச்சனான்!

— பின்னால நெருப்புக் கப் வைக்காமல் அது வெடிக்காது...

— வெடிச்சிருந்தா?

— பிழைதான். வீட்டை கொண்டுவர முதல் சுட்டு வெறுமையாக்கியிருக்க வேணும். சட்டமும் அதுதான். பெரிய பிழை விட்டிட்டன்.

— பிழையைப் பிறகு பாப்பம். எனக்கு வேற ஒண்டுதான் விளங்கேல்லை.

— என்ன?

— போன வருசம் நீங்கள் மான் சுட்டனீங்கள்.

— ம்.

— ஒரே ஒரு வெடி. கழுத்தடியில பட்டு, அப்பிடியே இருந்திட்டுது எண்டு கோயில் வாசல்ல நிண்டு அமிர்தநாதருக்குக் கையால காட்டிக் காட்டிச் சொன்னனீங்கள்.

— உமக்கு நல்ல ஞாபகம்.

— சுட்ட துவக்குக்குள்ள வெடி எப்பிடி வந்தது?

— அது... சுட்ட கையோட திருப்பிப் போட்டிருப்பன். ஆக்கள் அப்பிடிச் செய்யிறவை. இன்னொண்டு வந்தாலும் எண்டு...

— ஒரு மானுக்குத்தானே உங்களிட்ட அனுமதி இருந்தது?

— குளிருது, என்ன? காருக்க தேத்தண்ணி கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன்...

— தேத்தண்ணி எங்கயும் ஓடாது. இருங்கோ.

— இதுக்குத்தான் உம்மை வரவேண்டாம், வரவேண்டாம் எண்டனான்.

— ஏன் வரக் கூடாது? பிள்ளையள் ரெண்டும் மார்க்கம் ரவுணில வீடெடுத்துப் போட்டுதுகள். மல்வேர்ன் வீட்டில இப்ப நீங்களும் நானும். அதிலயும் மார்கழியில ஒரு கிழமை நீங்கள் காட்டுக்க. அஞ்சு வருசமா அந்தக் கிழமை எனக்கு இருட்டு. அதுக்குத்தான் இந்த வயசில குந்தியிருந்து படிச்சு லைசன்ஸ் எடுத்தனான். இந்த முறை குலுக்கலில மான் அனுமதி என்ர பேருக்கு விழுந்திருக்கு. வாற திங்கட்கிழமை நானும் வரத்தான் போறன்.

— வந்தா தெரிஞ்சிடும்...

— என்ன தெரிஞ்சிடும்? இஞ்சேருங்கோ... வேற ஆரும் பொம்பிளை...?

— சீ! என்ன கதை கதைக்கிறீர்!

— பின்னை? வாயைத் திறக்காட்டி மனிசி உதைத்தான் யோசிப்பாள்.

— நான் மான் சுடேல்லை.

— போன வருசமோ?

— ஒரு வருசமும்.

— அஞ்சு வருசமுமோ?

— அஞ்சு வருசமும்தான்... சிரிக்கிறீரோ?

— சிரிக்கேல்லை. மான் வரேல்லையோ?

— வந்தது. முதல் நாலு வருசமும் கண்ணிலயே படேல்லை. போன வருசம்தான் வந்தது.

— எப்ப?

— வேட்டையின்ர கடைசி நாள். அப்பதான் விடியுது. பனி கொட்டிக்கொண்டிருக்கு, ஒரு சத்தமில்லை. நான் மரத்தோட சாஞ்சு இருக்கிறன், கால் ரெண்டும் விறைச்சுப்போச்சு. ஒருக்காக் கண்ணை மூடித் திறக்கிறன்... முன்னால நிக்குது.

— எவ்வளவு தூரத்தில?

— அந்தா, அந்தக் குப்பைவாளி நிக்கிற தூரம்.

— அவ்வளவு கிட்டவோ!

— கொம்பில பனி. முதுகில பனி. உருகேல்லை எமில்டா, அப்பிடியே கிடக்கு. மூக்கால ஆவி போகுது. அது மூச்சு விடுறது எனக்குக் கேக்குது.

— உங்களைக் கண்டதோ?

— கண்டது. கண்டிட்டும் நிண்டது.

— நீங்கள்?

— குறி பிடிச்சனான். விசையில விரலும் வைச்சாச்சு. பிறகு... பூசையில நற்கருணையை உயத்தேக்க, மணி அடிச்சு முடிய, ஒரு அமைதி வருமே? அது வந்திட்டுது. நான் தலையைக் குனிஞ்சிட்டன்.

— துவக்கோடயோ?

— துவக்கோடதான். நிமிந்து பாக்க ஆளில்லை. பனியில தடம் மட்டும். போய்க் குந்தியிருந்து அந்தத் தடத்தைத் தொட்டுப் பாத்தனான்.

— ஏன்?

— உண்மையா வந்ததோ எண்டு.

— அழுதனீங்களோ?

— ...கொஞ்சம்.

— பிறகேன் வெடியைச் சுட்டு வெறுமையாக்கேல்லை?

— அந்த இடத்தில சத்தம் வைக்க மனம் வரேல்லை. மற்ற வருசங்கள் வாற வழியில இந்தச் சுடுமைதானத்தில இறங்கி, மண்மேட்டுக்குச் சுட்டிட்டுத்தான் வீட்டை வாறனான். போன வருசம் அந்த நினைப்பில ஒஷாவா தாண்டினதும் தெரியாமல் நேர வந்திட்டன்.

— சரி. இப்ப இந்த வெடியை என்ன செய்யிறது?

— சுடத்தான் வேணும். பழைய மருந்து, பத்துதோ தெரியாது.

— அப்ப குறித்தாளைப் பாத்துச் சுடுங்கோ. துவக்கு நேராச் சுடுதோ எண்டு பாக்கத்தானே வந்தனாங்கள்.

— நீர் சுடும்.

— நானோ!

— திங்கட்கிழமை அனுமதி உம்மட பேரில. உம்மட கண்ணுக்குத்தான் குறி சரிவர வேணும். மண்மூட்டையில குழலை வையும். தோளோட இறுக்கும். காதுமூடி சரியோ? இப்ப கப்பை வையும். நடு வட்டத்தைப் பாரும். விசையைப் பிடிச்சு இழுக்கிறதில்லை, மெல்ல அமத்துறது.

— வெடிக்காட்டி?

— ஒரு நிமிசத்துக்கு அசையாமல் அப்பிடியே பிடிச்சிரும். தாளைப் பாத்தபடி. நான் பக்கத்தில நிக்கிறன்.

— சேசுவே...

— ஆறுதலா. மூச்சை விட்டிட்டு.

— ...அம்மோய்!

— எமில்டா! இருக்கிறீரோ?

— இருக்கிறன், இருக்கிறன்... ஒண்டும் தெரியேல்லை. முன்னால முழுக்கப் புகை. பட்டுதோ?

— புகை விலகட்டும். அதுமட்டும் ஆருக்கும் தெரியாது.

— எவ்வளவு புகை! கூழ்முட்டை மணம்... நெஞ்சுக்க இடி விழுந்த மாதிரிக் கிடக்கு.

— பொறும். இப்ப விலகுது.

— என்ன, படேல்லையோ?

— வந்து நீரே பாரும். இந்தத் தூரக்கண்ணாடிக்கால.

— ...நடுவில.

— நட்ட நடுவில. அம்பது கெசம் தூரத்தில.

— ஒரு வருசமா பேஸ்மென்றுக்க கிடந்த வெடி!

— எமில்டா... அண்டைக்கு நான் அந்த விரலை அமத்தியிருந்தா...

— ஓம்.

— நேர நெஞ்சில.

— ஓம்.

— இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிஞ்சனான், குறி பிழைச்ச துவக்கு, சுட்டிருந்தாலும் பட்டிராது எண்டு. தாள் வைச்சு ஒருக்காலும் பாக்கேல்லை, பாக்கப் பயம். துவக்கில ஒரு பிழையுமில்லை.

— அப்ப அது இந்த நேரம் அங்க எங்கயோ நடந்து திரியுது.

— திரியும்...

— கடவுளே. ஒரு விரல், இவ்வளவுதான்!

— இவ்வளவுதான்.

— அப்ப வருசா வருசம் கொண்டுவந்த இறைச்சி?

— வேலையில றொபேட் எண்டு ஒருத்தன். அவன் சுட்டது. பாவம் பாத்துத் தருவான். முதல் வருசமே உமக்குச் சொல்லியிருக்க வேணும். கோயில்ல எல்லாரும் வேட்டைக்கார சீமோன் எண்டு கூப்பிடத் தொடங்கினாப்பிறகு, சொல்ல வாய் வரேல்லை... கோவமோ?

— இல்லை. கோவமில்லை. திங்கட்கிழமை என்னை அந்த மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போவியளோ?

— கூட்டிக்கொண்டு போறன். ஆனா ஒண்டு கேக்கட்டோ? நீர் என்னை விட நல்லாச் சுடுறீர். அது வந்து முன்னால நிண்டா... நீர் சுட்டுப்போடுவீரோ?

— ஏன் அப்பிடிக் கேக்கிறியள்?

— பயமாக் கிடக்கு, எமில்டா. நீர் அந்த இறைச்சியைத் துண்டு துண்டா வெட்டி, தூள் போட்டுக் காய்ச்சிற வடிவுக்கு... அமிர்தநாதர் மூண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டவர். மான் எண்டா இதுதான் மான் எண்டவர். எனக்குத்தான் அது அப்பிடி. உம்மட கைக்கு அது கறிதானே?

— அமிர்தநாதர் சாப்பிட்டது ஆடு. அஞ்சு வருசமா நீங்கள் சாப்பிட்டதும் ஆடுதான். உங்கட பொதியை அவிழ்ப்பன், கத்தியைக் கையில எடுப்பன்... கை போகாது. அப்பிடியே முன்வீட்டு மனிசிக்குக் குடுத்திட்டு, கடையில ஆட்டிறைச்சி வாங்கிவந்து காய்ச்சிறனான். நீங்கள் அவ்வளவு பெருமையாக் கொண்டுவந்து மேசையில வைக்கேக்க எனக்குச் சொல்ல வாய் வரேல்லை... திங்கட்கிழமை எத்தினை மணிக்கு எழும்ப வேணும்?