மீன்கிட்ட சொல்லிவிட்ட அழைப்பு

...சரி, நம்ம மகளிர் குழுத் தீர்மானத்தை அப்புறம் படிக்கிறேன். டீ வர்றதுக்குள்ள ஒரு குட்டிக் கதையைச் சொல்லி முடிச்சிடறேன். சித்தி, அக்கா, எல்லாரும் கேளுங்க. எனக்குச் சத்தமாப் பேச வராது. அதனால நீங்கதான் கொஞ்சம் அமைதியா இருக்கணும்.

பழவேற்காடு ஏரியைப் பார்த்திருக்கீங்களா? இந்தக் கரையில நின்னா அந்தக் கரை தெரியாது... அவ்வளவு பெரிசு. ஆனா நிறைய இடத்துல இடுப்பளவு தண்ணிதான்.

பங்குனி மாசம், காலை நேரம். தேசப்பன்னு ஒருத்தர், ஐஸ் வேன் ஓட்டுறவர், லீவு போட்டுட்டுத் தூண்டிலோட ஏரிக்குக் கிளம்பினார். கொடுவா மீன் பிடிக்கணுமாம். அவர் பொண்டாட்டி வாசல்ல நின்னு கேட்டாங்க. "நாளைக்கு உன் தங்கச்சி குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் நீ மீன் பிடிக்கப் போறியா?"

"நேர்ல வந்து அழைச்சாங்களா? இல்லையே. வீட்டுல இருந்தா உன் மூஞ்சியைப் பார்க்கணும். ஏரிக்குப் போனா மீன் மூஞ்சியைப் பார்த்தாப் போதும்."

விஷயம் என்னன்னா... போன வருஷம் தங்கச்சி வீட்டுக்காரர் மாசிலாமணி புதுப் படகு இறக்கினார். ஊரையே வெத்தலை பாக்கோட நேர்ல போய் அழைச்சார். மச்சானை மட்டும் போன்ல கூப்பிட்டார். "நம்ம தேசப்பன்தானே"ன்னு நினைச்சுட்டார். இவருக்கு வந்ததே கோபம்! "ஊருக்கு வெத்தலை, எனக்கு போனா?" போகல. மாசிலாமணிக்கும் கோபம். "சொந்த மச்சான், நேர்ல அழைக்காட்டி வரமாட்டானா?" அன்னையிலிருந்து ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்ல.

நடுவுல யாரு தவிச்சா? அந்தத் தங்கச்சி கன்னியம்மா. "எங்கண்ணன் மடியில உட்காராம என் பொண்ணு காதுல ஊசி படக்கூடாது"ன்னு ஒரே அழுகை. தாய்மாமன் மடி இல்லாம நம்மள்ல யாரு காது குத்தியிருக்கோம், சொல்லுங்க?

சரி, ஏரிக்கு வாங்க. தேசப்பன் படகைக் கட்டிட்டு, தண்ணியில இறங்கி நின்னு, உயிர் இறாலைக் கோத்துத் தூண்டிலை வீசினார். ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல... திடீர்னு வெடுக்! கொடுவா தண்ணிக்கு மேல ஒரு எகிறு எகிறிச்சு. வெள்ளி அண்டாவைத் தூக்கிப் போட்ட மாதிரி! தூண்டில் நரம்பை இழுத்துக்கிட்டு ஓடிச்சு, ஓடிச்சு... நேரா ஒரு இறால் வலையில போய்ச் சிக்கிச்சு.

அது யாரோட வலை?

ஆமா. மாசிலாமணி வலையேதான். அவரும் அங்க இடுப்பளவு தண்ணியில நிக்கிறார். மீன் வாயில இவர் தூண்டில். மீன் உடம்புல அவர் வலை. இவர் விட்டா, மீன் அந்த மெல்லிசு வலையைக் கிழிச்சுட்டுப் போயிடும். அவர் விட்டா, பிளேடு மாதிரி இருக்கிற செவுள் ஓரத்தால நரம்பை அறுத்துட்டுப் போயிடும். ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் ஆச்சு. ஆனா பேச்சுவார்த்தை கிடையாதே! என்ன செய்வாங்க?

தேசப்பன் மீனைப் பார்த்துச் சொன்னார். "ஏ மீனே! வலையைச் சுருட்டி இறுக்கச் சொல்லு."

மாசிலாமணியும் மீனைத்தான் பார்த்தார். "மீனே, வலை போடுறவனுக்கு வேன் ஓட்டுறவர் சொல்லித் தர வேணாம்னு சொல்லு. முதல்ல நரம்பைத் தொய்ய விடாம இருக்கச் சொல்லு."

"தொய்யலன்னு சொல்லு!"

"தொய்யுதுன்னு சொல்லு!"

சிரிக்காதீங்க அக்கா, அந்த மீனோட நிலைமையை யோசிங்க!

கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு பேரும் கிட்ட வந்துட்டாங்க. நடுவுல ஒரு முழம்தான். மீன் துள்ளித் துள்ளி ரெண்டு பேர் மூஞ்சியிலயும் சேறு. அப்போ மாசிலாமணி குரல் கொஞ்சம் இறங்கிச்சு. "மீனே... நாளைக்குக் குழந்தைக்குக் காது குத்து. மாமன் வரணும்னு சொல்லு."

தேசப்பன் விடுவாரா? "மீனே, நேர்ல வந்து அழைச்சாத்தான் வருவேன்னு சொல்லு."

மாசிலாமணிக்குப் பொறுமை போயிடுச்சு. "யோவ் மச்சான்! இடுப்பளவு தண்ணியில, உன் மூக்குக்கு நேரா நிக்கிறேன்யா! இதுக்கு மேல எப்படிய்யா நேர்ல வர்றது?"

தேசப்பன் மொதல் தடவையா மீன் மேல இருந்த கண்ணை எடுத்து ஆளைப் பார்த்தார். சேறு அப்பின மூஞ்சி. அவருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வாய்விட்டு ஒரு சிரிப்பு! ரெண்டு பேரும் சேர்ந்து மீனைத் தூக்கிப் படகுல போட்டாங்க. அப்புறம்தான் தேசப்பன் மெதுவாச் சொன்னார். "தோடு வாங்கி எப்பவோ பீரோவுல வச்சிட்டேன் மச்சான். குழந்தையைப் பார்க்காம வாங்கினது. பெரிசா இருக்குமோ என்னமோ..."

மறுநாள் மாமன் மடியில உட்கார்ந்துதான் அந்தப் பொண்ணு காது குத்திக்கிச்சு. தோடு கொஞ்சம் பெரிசுதான். குழந்தை அழுதது. அதை விட மாமன்தான் அதிகமா அழுதாராம்.

இப்போ இந்தக் கதையை ஏன் சொன்னேன்? அந்த ரெண்டு பேர் மனசுலயும் என்ன இருந்தது? வரணும்ங்கிற ஆசைதான். ஒருத்தர் தோடு வாங்கி வச்சாச்சு, இன்னொருத்தர் வழி பார்த்து நின்னாச்சு. யாரு மொதல்ல வாயைத் திறக்கிறதுங்கிறதுதான் பாக்கி. அதுக்கு ஒரு வருஷம் வீணாப் போச்சே! மொதல்ல பேசினவர் என்ன குறைஞ்சு போனார்? மடியில குழந்தையை வச்சுக்கிட்டு ரெண்டு வீடும் சேர்ந்து சாப்பிட்டாங்க.

நம்ம குழுவைப் பாருங்க. தண்ணிக் குழாய்ச் சண்டைக்கு அப்புறம் மேலத் தெரு அந்தப் பக்கம், கீழத் தெரு இந்தப் பக்கம். "ஏய் பொண்ணு, அவங்ககிட்ட பாய் வேணும்னு சொல்லு." "ஏய் பொண்ணு, பாய் இல்லைன்னு சொல்லு." ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு முழம்தான் இருக்கும்!

பொங்கல்லேர்ந்து உங்க மீன் நான்தான்... சிரிச்சது போதும் சித்தி. டீ வந்துடுச்சு. இன்னைக்கு நான் யாருக்கும் எடுத்துக் கொடுக்க மாட்டேன். பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட நீங்களே கேட்டு வாங்கிக்கோங்க.